திரைக்குள் அறம் – 6: எட்டுக் குணங்களின் கணக்கு

1981-இல் வெளிவந்த 'அல்டிமா' என்ற கணினி ஆட்டத்தில், கோட்டைக்குள் சிறைப்பட்டிருக்கும் இளவரசியை மீட்க வேண்டுமானால் அரண்மனைக் கோமாளியைக் கொல்ல வேண்டும். சாவி தன்னிடம் இருப்பதாகக் கூவிக்கொண்டே அவன் அங்குமிங்கும் திரிவான். அவனை வெட்டிச் சாய்த்ததும் காவலர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களையும் சமாளித்து இளவரசியை வெளியே கொண்டுவந்துவிட்டால் பரிசு உண்டு, கதை முன்னேறத் தேவையான துப்பும் உண்டு. கோமாளி யாருக்கு என்ன தீங்கு செய்தான் என்ற கேள்வி எங்கும் எழுவதில்லை. ஆடுபவர் நாயகன், நாயகன் செய்வதெல்லாம் நற்செயல். அத்தோடு அறம் முடிந்துவிடுகிறது.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருந்தன. 'ஜோர்க்' போன்ற எழுத்துவழி ஆட்டங்களில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதே திறமை. புதையலுக்கு மதிப்பெண் உண்டு. அது யாருடைய புதையல் என்ற யோசனைக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் கோமாளியைக் கொல்ல வைத்த அதே மனிதர், நான்கே ஆண்டுகளில், பார்வையற்ற ஒரு கடைக்காரரை ஏமாற்றினால் அதை மறக்காமல் குறித்துவைத்துக்கொள்ளும் ஆட்டத்தைச் செய்தார். அடுத்த ஐந்தாண்டுகளில், தான் எழுதிய அந்தக் கணக்கையே இரண்டு முறை விசாரணைக் கூண்டில் ஏற்றினார். வீடியோ கேம் வரலாற்றில் இதற்கு இணையான இன்னொரு பயணத்தை நான் அறியவில்லை. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதையும் அந்த மூன்று ஆட்டங்களுக்கே ஒதுக்குகிறேன்.

ரிச்சர்ட் கேரியட் 1961-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். வளர்ந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் விண்வெளி மையத்துக்கு அருகே. அப்பா ஓவன் கேரியட் நாசாவின் விண்வெளி வீரர். 1973-இல் ஸ்கைலேப் நிலையத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் தங்கி வந்தவர். மகனுக்கோ கணினிமேல் பித்து. 'அகலபெத்' என்ற தன் முதல் ஆட்டத்தை, தான் வேலை பார்த்த கணினிக் கடையிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்றார். அது ஒரு பதிப்பாளரின் கண்ணில் பட்டது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே 'அல்டிமா' வந்தது. ஆட்டத்துக்குள் நாட்டை ஆளும் மன்னருக்கு 'லார்ட் பிரிட்டிஷ்' என்று தன் பட்டப்பெயரையே சூட்டினார். முதல் இரண்டு பாகங்களும் வேறு நிறுவனங்கள் வழியாக வந்தன. 1983-இல் அண்ணன் ராபர்ட்டோடும் அப்பாவோடும் சேர்ந்து 'ஒரிஜின் சிஸ்டம்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மூன்றாம் பாகம் அதன் முதல் வெளியீடு.

சொந்த நிறுவனம் தொடங்கியதால் நேர்ந்த ஒரு சிறிய மாற்றம்தான் இந்த வரலாற்றைத் திருப்பியது. அதுவரை ரசிகர்களின் கடிதங்கள் பதிப்பாளரின் அலுவலகத்தோடு நின்றுவிடும். இப்போது அவை நேரே கேரியட்டின் மேசைக்கு வந்தன.

ஒரு வகைக் கடிதங்களில் கோபம் கொதித்தது. மூன்றாம் பாகத்தின் அட்டையில் கொம்பு முளைத்த பேயுருவம் ஒன்று இருந்தது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டம் பிள்ளைகளைச் சாத்தானிடம் இழுத்துச் செல்கிறது என்ற அச்சம் அமெரிக்கக் குடும்பங்களில் பரவியிருந்த காலம் அது. பெற்றோர் சிலர் கேரியட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். இளம் தலைமுறையைக் கெடுக்க வந்தவர் என்று எழுதினார்கள். பேயை எதிர்த்துப் போராடுவதுதான் கதை என்பதை அவர்கள் பார்க்கவே இல்லையே என்று அவருக்கு வருத்தம்.

இன்னொரு வகைக் கடிதங்கள் அன்போடு எழுதப்பட்டவை. அவைதான் அவரை அதிகம் உலுக்கியிருக்க வேண்டும். ஆட்டத்தை எப்படி வென்றோம் என்று ஆடியவர்கள் மகிழ்ச்சியோடு விவரித்திருந்தார்கள்: கடைகளைக் கொள்ளையடித்தோம், ஊர்க்காரர்களைக் கொன்று பொன் சேர்த்தோம், அந்தப் பொன்னில் ஆயுதம் வாங்கினோம், கடைசியில் தீமையை ஒழித்தோம். தாங்கள் உலகைக் காப்பாற்றியதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

இப்படியொரு கடிதத்தைப் படிக்கும் படைப்பாளி, ஆடியவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். கேரியட் தன் ஆட்டத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். திருடினால் லாபம், பிடிபடாதவரை இழப்பு எதுவுமில்லை. கொன்றால் பொன். ஒழுங்காக நடந்தால் நேரம்தான் வீண். ஆட்டம் எதற்குப் பரிசு கொடுத்ததோ அதை ஆடியவர்கள் செய்தார்கள். அந்தப் பரிசை வைத்தவர் அவர். கொள்ளைக்காரனைக் கடைசித் திரையில் மாவீரன் என்று வாழ்த்தியவரும் அவரே. இந்தப் பொறுப்பை 1980-களின் நடுவில், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதில், ஒருவர் ஏற்றுக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன். வன்முறை பற்றிய புகார் எழும்போதெல்லாம் 'இது வெறும் விளையாட்டுத்தானே' என்று கையை உதறிவிடும் பழக்கம் இந்தத் தொழிலில் பிற்பாடு நன்றாகவே வேரூன்றிவிட்டது.

நான்காம் பாகத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த நாட்களில் இந்து சமயத்தின் அவதாரக் கருத்தைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைக் கேரியட் தொலைக்காட்சியில் பார்த்தார். நற்குணங்களில் தேர்ச்சி பெற்று உயரும் ஒரு நாயகன் என்ற எண்ணம் அங்கே உருக்கொண்டது. குணங்கள் முதலில் பதினாறாக இருந்தன. ஒரு ஆட்டத்துக்குள் அத்தனையைச் சமாளிக்க முடியாது என்று எட்டாகக் குறைத்தார். அவற்றுக்கு அடிப்படை தேடியபோது கைகொடுத்தது அமெரிக்கப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த 'விசார்ட் ஆஃப் ஆஸ்' கதை. அதில் மூளையைத் தேடும் வைக்கோல் பொம்மை, இதயத்தைத் தேடும் தகர மனிதன், தைரியத்தைத் தேடும் சிங்கம் என்று மூவர் வருவார்கள். அவர்களிடமிருந்து உண்மை, அன்பு, துணிவு என்ற மூன்றை எடுத்துக்கொண்டார்.

இந்த மூன்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்த்தால் எட்டு நிலைகள் கிடைக்கும். உண்மை மட்டும் என்றால் நேர்மை. அன்பு மட்டும் என்றால் கருணை. துணிவு மட்டும் என்றால் வீரம். உண்மையும் அன்பும் சேர்ந்தால் நீதி; அன்பும் துணிவும் சேர்ந்தால் தியாகம்; துணிவும் உண்மையும் சேர்ந்தால் மானம். மூன்றும் கூடினால் ஆன்மிகம். மூன்றும் இல்லாத இடத்தில் பணிவு. கடைசியாகச் சொன்னது என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. பணிவை எதன் கலவையாகவும் காட்டாமல், எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு நிற்கும் நிலையாக வைத்திருக்கிறார். ஆட்டத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு குணத்துக்கும் ஓர் ஊர் உண்டு. பணிவுக்கு உரிய மஜின்சியா மட்டும் இடிபாடாகக் கிடக்கிறது. செருக்கினால் அழிந்த ஊர்; உலவுவதெல்லாம் ஆவிகள்.

'அல்டிமா 4: அவதாரத்தின் தேடல்' 1985-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. 64 கிலோபைட் நினைவகம். ஃபிளாப்பித் தட்டுகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். பெட்டிக்குள் துணியில் அச்சிட்ட வரைபடமும் 'ஆங்க்' என்ற எகிப்தியச் சின்னத்தின் சிறிய உலோக வடிவமும் இருந்தன.

ஆட்டம் தொடங்குவது குறிசொல்லும் ஒரு பெண்ணின் வண்டிக்குள். அவள் இரண்டிரண்டு சீட்டுகளாக எடுத்து வைத்து ஏழு கேள்விகள் கேட்கிறாள். எண்ணிப் பார்க்காத ஒரு பணப்பையை இன்னொருவரிடம் சேர்க்கச் சொல்லி உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வழியில் ஒரு பிச்சைக்காரர் எதிர்ப்படுகிறார். குறைந்தது யாருக்கும் தெரியாது என்று ஒரு காசு எடுத்துக் கொடுப்பீர்களா, பையை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களா? முதல் விடை கருணை, இரண்டாவது நேர்மை. ஏழு கேள்விகளும் இப்படித்தான், நல்லதற்கும் நல்லதற்கும் இடையே. தவறான விடை என்று எதுவும் இல்லை. கடைசியில் எஞ்சும் குணம் உங்கள் பிறப்பைத் தீர்மானிக்கும். நேர்மை என்றால் மந்திரவாதி, வீரம் என்றால் போர்வீரன். பணிவைத் தேர்ந்துகொண்டே வந்தவர் இடையராகப் பிறப்பார். ஆட்டத்தில் எல்லோரையும்விட வலுக் குறைந்தவர் அவர்தான். விடை சொன்னதற்கான விலையை முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். 1985-க்கு முன் ஓர் ஆட்டம் இப்படி ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, பார்வையற்ற கடைக்காரர்கள். மந்திரம் போட மூலிகை வேண்டும்: பூண்டு, ஜின்செங், சிலந்திப்பட்டு. இவற்றை விற்பவர்களுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்வார்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஆட்டம் கேட்கும், எண்ணை நீங்கள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் சரக்கு கைக்கு வந்துவிடும். காவலர் வருவதில்லை. எச்சரிக்கை ஒலி இல்லை. திரையில் எதுவும் மாறுவதில்லை. ஆட்டத்தின் அடியில் எங்கோ நேர்மைக்குரிய எண் மட்டும் சத்தமில்லாமல் இறங்குகிறது. நீதியும் மானமும் அதோடு சேர்ந்து இறங்குகின்றன.

ஒவ்வொரு குணத்துக்கும் 99 வரை ஏறக்கூடிய எண் ஒன்று உண்டு. ஆடுபவருக்கு அது காட்டப்படுவதில்லை. பிச்சைக்காரருக்குக் காசு போட்டால் கருணை ஏறும். வைத்திய சாலையில் ரத்தம் கொடுத்தால் தியாகம் ஏறும், உடல்வலு குறையும். பகைவனைக் கண்டு ஓடினால் வீரம் குறையும். தீய பிராணியாக இல்லாத ஒன்று சண்டையிலிருந்து தப்பி ஓடும்போது துரத்திக் கொன்றால் அதற்கும் தண்டனை உண்டு. ஊர்க்காரர்கள் பேச்சுவாக்கில் கேட்கும் கேள்விகளுக்குப் பெருமையடித்துப் பதில் சொன்னால் பணிவு போய்விடும். லார்ட் பிரிட்டிஷின் கோட்டையில் ஹாக்விண்ட் என்ற ஞானி இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டால், எந்தக் குணத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று வார்த்தையில் சொல்வார். எண்ணைச் சொல்ல மாட்டார். ஒரு குணம் நிறைவடைந்தால் அதற்குரிய ஆலயத்துக்குச் சென்று, மந்திரம் ஓதி, தியானத்தில் அமர வேண்டும். எட்டும் நிறைவடைந்தால் நீங்கள் அவதாரம்.

எதிரிக்கும் ஆயுதம் உண்டு, உங்களுக்கும் உண்டு. முதல் பாகத்தின் வில்லன் மாண்டெயினின் மண்டை ஓடு உங்கள் கைக்குக் கிடைக்கும். அதைப் பயன்படுத்தினால் சுற்றியிருப்போர் எல்லோரும் ஒரே நொடியில் மாய்வார்கள். எட்டுக் குணங்களும் சரியும். பாதாளத்தின் வாயில் அதை எறிந்து அழித்தால் அவை உயரும். இறுதியில் வெல்ல வேண்டிய அரக்கன் யாரும் இந்த ஆட்டத்தில் இல்லை. பாதாளத்தின் அடியாழத்தில் ஒரு ஞானநூல் இருக்கிறது. அதைப் படிக்கத் தகுதி பெறுவதுதான் முடிவு. கொன்று முடிப்பதற்கு ஆள் இல்லாத பெரிய ஆட்டம் ஒன்றை விற்க முடியும் என்று அப்போது யார் நம்பியிருப்பார்கள்? அது விற்றது. இன்றுவரை பேசவும் படுகிறது.

ஆனால் குறை ஒன்றை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுத எனக்கு மனமில்லை. ஆடியவர்கள் சில மாதங்களில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பிச்சைக்காரருக்கு ஒரே ஒரு காசு, மறுபடி ஒரு காசு, மறுபடி ஒரு காசு. மூலிகைக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கி ஒவ்வொரு முறையும் முழு விலை. நேர்மை ஏறும்வரை அங்கேயே நிற்கலாம். தெருமுனை மளிகைக் கடைப் பற்றுவரவு நோட்டைப் போல, நேற்று எடுத்ததை இன்று அடைத்துவிட்டால் பக்கம் சுத்தமாகிவிடும். ஏமாற்றப்பட்ட கடைக்காரரிடம் திரும்பிப் போக வேண்டியதில்லை. வேறு ஊரில் வேறு கடையில் அதிகம் கொடுத்தால் போதும், எண் சமமாகிவிடும். நல்லவனாக இருப்பதற்கும் நல்லவன் என்ற எண்ணைச் சேர்ப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை இந்த இயந்திரத்தால் பார்க்க முடியவில்லை. இதைக் கேரியட்டும் உணர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு அடுத்த இரண்டு பாகங்களே எனக்குச் சாட்சி.

'அல்டிமா 5: விதியின் வீரர்கள்' 1988-இல் வந்தது. மன்னர் லார்ட் பிரிட்டிஷ் நிலத்தடி உலகை ஆராயச் சென்று காணாமல் போய்விட்டார். அவர் இடத்தில் பிளாக்தார்ன் பிரபு ஆள்கிறார். நிழல்பிரபுக்கள் என்ற மூன்று தீய சக்திகளின் பிடியில் அவர் மெல்ல மெல்லச் சிக்கிவிட்டார். அவர் அறத்தை ஒழிக்கவில்லை, சட்டமாக்கிவிட்டார். நான்காம் பாகத்தில் நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த அதே எட்டுக் குணங்கள், இப்போது எட்டுச் சட்டங்களாக ஊர் ஊராக அமலில் இருக்கின்றன. பொய் சொன்னால் நாக்கை இழப்பாய். வருமானத்தில் பாதியைத் தானம் செய், இல்லாவிட்டால் வருமானமே இராது. சண்டைக்கு அழைத்தால் சாகும்வரை போராடு, இல்லாவிட்டால் கோழை என்று நாடு கடத்தப்படுவாய். மானம் இழந்தால் உன் உயிரை நீயே மாய்த்துக்கொள். பணிவுச் சட்டம் எப்படித் தெரியுமா? மேலிருப்பவர்களிடம் பணிந்து நட, இல்லாவிட்டால் அவர்கள் கோபத்துக்கு ஆளாவாய்.

நான்காம் பாகத்தை ஆடியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்தச் சொற்களை மனப்பாடம் செய்து, ஆலயம் ஆலயமாகச் சென்று தியானித்தவர்கள் அவர்கள். அதே சொற்களின் பேரில் மக்கள் சிறைக்குள் கிடக்கிறார்கள். எதிர்ப்பு இயக்கத்தவர் கடவுச்சொல் சொல்லி ரகசியமாகச் சந்திக்கிறார்கள். உங்களோடு துணைக்கு வரச் சம்மதிப்பவர்களில் ஒருவன் ஆட்சியாளர்களின் ஒற்றன். ஊர் மக்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போய், மதியம் உண்டு, இரவில் வீடு திரும்பும் ஒழுங்கை இந்தப் பாகத்தில் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதிச் சேர்த்திருந்தார்கள். அதனால் அச்சம் அந்த அன்றாடத்துக்குள்ளேயே கலந்து தெரிந்தது.

பிளாக்தார்னிடம் நீங்கள் பிடிபட்டால் ஒரு காட்சி வரும். உங்கள் தோழர்களில் ஒருவரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். மேலே ஒரு கூர்வாள் ஊசலாடுகிறது. ஓர் ஆலயத்தின் மந்திரத்தைச் சொல் என்கிறார் பிளாக்தார்ன். சொன்னால் ஆலயம் இடிக்கப்படும். மறுத்தால் தோழர் இறப்பார். சாதாரணமாக இந்த ஆட்டத்தில் இறந்தவர்களை மந்திரத்தால் எழுப்பலாம். இவரை எழுப்ப முடியாது. எந்த எண் ஏறும், எந்த எண் இறங்கும் என்ற கணக்கு இந்த இடத்தில் உதவாது. ஹாக்விண்டிடம் கேட்டு வரவும் முடியாது.

இதே ஐந்தாம் பாகத்தில் இன்னொரு அறை உண்டு. கேரியட் பல ஆண்டுகளாகப் பல மேடைகளில் சொல்லிவந்த கதை இது. ஒரு நிலவறையில் கூண்டுகளுக்குள் குழந்தைகள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். திறந்துவிட்டால் அவர்கள் உங்களைத் தாக்க வருவார்கள். ஆட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்த டெஸ்டர் ஒருவர் அந்த அறைக்குள் போனார். நடந்ததைக் கண்டு பதறிப்போனார். குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தில் தன்னால் வேலை செய்ய முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கடிதம் அண்ணன் ராபர்ட்டின் கைக்குப் போனது. அறையை எடுத்துவிடு, நமக்கு எதற்கு இந்த வம்பு என்றார் அவர். தம்பி மறுத்துவிட்டார்.

அவர் சொன்ன காரணம் எளியது. குழந்தைகளைக் கொல்லும்படி ஆட்டம் எங்கும் சொல்லவில்லை. உறங்கவைக்கும் மந்திரம் இருக்கிறது, ஓடி வெளியேறக் கதவு இருக்கிறது, முதலில் கூண்டைத் திறக்காமலே போகவும் வழி இருக்கிறது. கொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்தது ஆடுபவரின் மனம். அந்த எண்ணம் அவரைக் கலங்க வைத்தது என்றால் அறை தன் வேலையைச் செய்துவிட்டது. இந்த வாதம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைகளின் துன்பத்தை வெறும் அதிர்ச்சிக்காகப் பயன்படுத்திய ஆட்டங்கள் பின்னால் நிறைய வந்தன, அவற்றின் ஆசிரியர்களும் இதே வாதத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்த ஓர் அறையைப் பொறுத்தவரை கேரியட் பக்கம்தான் நான். அந்த டெஸ்டரின் மனசாட்சியும் எனக்குப் பெரியதாகத் தெரிகிறது. கட்டங்களில் நகரும் சில சிறிய உருவங்களைக் குழந்தைகளாகவே பார்த்து, அவர்களுக்காக வேலையைத் துறக்கவும் துணிந்த ஒருவர் அவர். நான்காம் பாகத்தின் எட்டு எண்களால் வரவழைக்க முடியாத ஒன்றை அந்த அறை வரவழைத்தது.

ஆறாம் பாகம் 1990-இல் வந்தது. தலைப்பு 'பொய்த் தீர்க்கதரிசி'. அட்டையில் அவதாரம் வெற்றி வீரனாக நிற்கிறான். காலடியில் கொம்பும் சிறகும் கொண்ட கார்காயில் ஒன்று வீழ்ந்து கிடக்கிறது. 1983-இல் பெற்றோரைக் கோபப்படுத்திய அட்டைப்படத்துப் பேயின் சாயல் அதில் இருக்கிறது. கதை தொடங்கும்போது கார்காயில்கள் உங்களைப் பலிபீடத்தில் கிடத்தியிருக்கின்றன. தோழர்கள் வந்து காப்பாற்றுகிறார்கள். பிரிட்டானியா நாட்டின் ஆலயங்களை அவை கைப்பற்றிவிட்டன. விரட்டியடிக்க வேண்டும். பழைய ஆட்டங்களின் பழைய கதை.

பாதி வழியில் அந்த இனத்தின் தீர்க்கதரிசன நூல் கைக்குக் கிடைக்கிறது. அதன் பொருள் தெரிய வரும்போது தரை நழுவுகிறது. வேற்று நாட்டவன் ஒருவன் வருவான், நமது புனித நூலைத் திருடுவான், நம் உலகம் சிதையும் என்று அதில் எழுதியிருக்கிறது. திருடன் நீங்கள்தான். நான்காம் பாகத்தில் பாதாளத்தில் இறங்கி அடைந்தீர்களே, அந்த ஞானநூல் அவர்களுடையது. பிற்பாடு அதை மேலே எடுத்தபோது பாதாளம் சரிந்தது. உலகின் மறுபக்கத்தில் அவர்கள் நிலம் உடைந்து சிதறத் தொடங்கியது. பட்டினியாலும் அச்சத்தாலும் அவர்கள் இங்கே வந்தார்கள். எட்டு எண்களும் 99-ஐ எட்டி நீங்கள் அவதாரமான அந்த நாள், இன்னோர் இனத்துக்கு அழிவுநாள்.

அவர்களுக்கும் அறம் உண்டு என்பதையும் இங்கே காட்டுகிறார் கேரியட். கட்டுப்பாடு, பேரார்வம், விடாமுயற்சி என்ற மூன்று அடிப்படைகள். அவற்றிலிருந்து எட்டுக் குணங்கள். நம்முடைய உண்மை, அன்பு, துணிவு என்ற கட்டமைப்பைப் போலவே அதுவும் கச்சிதமாக நிற்கிறது. எது சரி என்று ஆட்டம் தீர்ப்புச் சொல்வதில்லை. இன வெறுப்பைப் பற்றிய ஆட்டம் இது என்று அவரே பின்னர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தீர்வுக்கு வழி போரில் இல்லை. அடிபணிதலின் சின்னமான ஒரு பதக்கத்தைக் கழுத்தில் அணிந்து, கார்காயில் அரசர் முன் நீங்கள் நிற்க வேண்டும். இறுதியில் ஞானநூலை இரு தரப்புக்கும் எட்டாத வெளிக்கு அனுப்பிவிடுகிறீர்கள். மனிதர் செய்த கண்ணாடி வில்லை ஒன்றும் கார்காயில் செய்த வில்லை ஒன்றும் சேர்ந்தால்தான் அதை அங்கே பார்க்க முடியும்.

மூன்று ஆட்டங்கள், ஐந்தாண்டுகள். அறத்தை எண்ணலாம் என்றார். எண்ணியதைச் சட்டமாக்கினால் கொடுங்கோன்மையாகும் என்று அடுத்துக் காட்டினார். நிறைகுணத்தோடு செய்த செயலும் கண்ணுக்குத் தெரியாத ஒருவரை அழிக்கலாம் என்று மூன்றாவதில் சொன்னார். தன் வெற்றியைத் தானே இப்படித் திறந்து காட்டுவதற்குப் பெரிய மனத்திடம் வேண்டும்.

பின்னால் வந்த தொழில்துறை இவற்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதிலும் சிறந்த பகுதியான மறைவை நீக்கிவிட்டது. 2003-இன் 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்'கில் ஒளிப்பக்கம் இருள்பக்கம் என்று அளவுகோல் திரையில் தெரிந்தது. 2004-இன் 'ஃபேபிள்' ஆட்டத்தில் தீயவனுக்குத் தலையில் கொம்பு முளைத்தது. 2007-இல் தொடங்கிய 'மாஸ் எஃபெக்ட்' வரிசை நல்லதற்கு நீலம், கடுமைக்குச் சிவப்பு என்று வண்ணம் பிரித்தது. ஒரே வண்ணத்தைத் தொடர்ந்து தேர்ந்தால்தான் சில வசனங்கள் திறக்கும் என்பதால் ஆடுபவர் யோசிக்கவே தேவையில்லாமல் போனது. ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் நீலத்தையே தேர்ந்தார்கள் என்று அதில் பணியாற்றிய வடிவமைப்பாளர் ஒருவர் 2020-இல் சொன்னார். பார்வையற்ற கடைக்காரருக்கு என்ன விலை கொடுப்பது என்று தட்டச்சு செய்யும்போது இருந்த தனிமை அந்த வண்ணங்களில் இல்லை.

ஆனால் இன்னொரு கிளையும் உண்டு. ஆறாம் பாகத்தின் தயாரிப்பில் கேரியட்டோடு இருந்தவர் வாரன் ஸ்பெக்டர். 1989-இல் ஒரிஜினில் சேர்ந்தவர். ஒரு நாள் டெஸ்டர் ஒருவர் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூடிய இரும்புக் கம்பிக் கதவு. அதைத் திறக்கும் நெம்புகோல் கதவுக்கு அந்தப் பக்கம். தூரத்திலிருந்து பொருளை நகர்த்தும் மந்திரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் திட்டம். டெஸ்டரிடம் அந்த மந்திரம் இல்லை. அவர் மாட்டிக்கொண்டார் என்று ஸ்பெக்டர் நினைத்தார். டெஸ்டரின் குழுவில் ஷெர்ரி என்ற சுண்டெலி ஒன்று இருந்தது, வேடிக்கைக்காக யாரோ சேர்த்த பாத்திரம். அவர் ஷெர்ரியைக் கம்பி இடுக்கு வழியாக அந்தப் பக்கம் அனுப்பி நெம்புகோலை இழுக்க வைத்தார். கதவு திறந்தது. யாரும் எழுதிவைக்காத வழி அது.

எழுதிவைத்த இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்வது வேறு, தன் வழியைத் தானே கண்டுபிடித்து அதன் விளைவைச் சுமப்பது வேறு என்று ஸ்பெக்டர் அன்று கண்டார். அந்தக் காட்சியைப் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார். 2000-இல் அவர் தலைமையில் 'டியூஸ் எக்ஸ்' வந்தது. அதில் ஒரு விமானத்துக்குள், சரணடைந்த கைதி ஒருவரைச் சுடும்படி உங்கள் மேலதிகாரி கட்டளையிடுவார். உங்கள் கையில் துப்பாக்கி இருக்கும். அடுத்த அத்தியாயத்தில் அந்த விமானத்துக்குள் போவோம்.